நனையாத இடம்

ஊரின் பழைய சதுக்கத்தில் எட்டுக் கல்பெஞ்சுகள் உண்டு. சதுரங்கம், கல்யாணப் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் அவற்றில்தான். தினமும் காலையில் துப்புரவுக்காரர் குழாய் பிடித்து அவற்றைக் கழுவுவார்.

ஒருநாள் எட்டாவது பெஞ்சில் இருந்த பெரியவர் முழங்கால் வலியால் எழுந்திருக்கத் தாமதித்தார். துப்புரவுக்காரர் பொறுமையிழந்து அவர்மேலேயே தண்ணீரைத் திருப்பினார். சதுக்கமே சிரித்தது. நனைந்த சட்டையோடு போனவர் பத்தாம் நாள் இறந்துபோனார்.

மறுநாளிலிருந்து அந்தப் பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் நனைவதில்லை. எவ்வளவு பீய்ச்சினாலும் சுற்றிலும்தான் ஈரம்.

"என்னண்ணே, அந்த இடத்துக்கு மட்டும் ஓரவஞ்சனையா?" என்று பூக்காரி கேலி செய்தாள்.

"இல்லம்மா. அங்க ஆள் இருக்காரு."

அவள் சிரித்தாள். அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. குழாயை மூடிவிட்டுப் பெஞ்சின் முன் குனிந்தார்.

"தப்புதான் ஐயா. நீங்க மெதுவாவே எழுந்திரிங்க. நான் நிக்கிறேன்."

வெகுநேரம் நின்றார். பிறகு தண்ணீரை மெல்லத் திறந்தார். நனையாத இடம் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. அதன் பக்கத்தில், அதே அளவில், இன்னோர் இடமும் நனையாமல் கிடந்தது.

பெரியவர் தனக்காக விட்ட அந்த இடத்தில் உட்காரத் துப்புரவுக்காரருக்குக் கூசியது.