இடம் மாறிய குழாய்

குப்பாயி கையும் களவுமாகப் பிடிபட்டாள்.

ஆஸ்பத்திரி ஆய்வறை மேசைமேல் ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் செருகிய மரத் தாங்கிகள் இரண்டு. ஒன்றில் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களின் ரத்தம். மற்றதில் நல்ல உடம்புக்காரர்களின் ரத்தம். நல்ல உடம்புக்காரர்கள் வரிசையில் கடைசியாக நின்ற தன் குழாயை உருவி, அவள் நோயாளிகள் வரிசையில் செருகும்போதுதான் ஆராய்ச்சி மாணவி சாரதாமணி உள்ளே வந்தாள்.

"ஐயையோ! என்ன காரியம் பண்றீங்க?"

சத்தம் கேட்டு நர்ஸ் அன்னாளும் ஓடிவந்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல சாரதா? இவங்களும் புற்றுநோய் வார்டுல படுத்திருக்கிற மயிலம்மாளும் அண்ணன் தம்பி பொண்டாட்டிங்க. பத்து வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே வீட்டுக்கு நடுவுல சுவர் வச்சுக்கிட்டவங்க. ஊர் வாய்க்குப் பயந்து துணைக்கு வந்திருக்கு. இப்ப உன் வேலையிலயும் மண்ணள்ளிப் போடுது!"

 குப்பாயி குழாயை விடவில்லை.

சாரதாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. எண்பத்து நாலாம் வருஷப் பொங்கலிலிருந்து இந்த ஆராய்ச்சிக்காக சூரமங்கலத்தில் டவுன் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடக்கிறாள். நோயாளிகளாவது கையை நீட்டினார்கள். நல்ல உடம்புக்காரர்களோ ஊசியைக் கண்டதும் ஊருக்கே பஸ் ஏறிவிடுகிறார்கள்.

காலையில் மயிலம்மாளின் கட்டிலருகே வைத்துத்தான் குப்பாயியிடம் கேட்டாள். "எனக்கென்னுங்க, கல்லாட்டம் இருக்கறேன்" என்று உடனே கையை நீட்டினாள் குப்பாயி. மயிலம்மாளின் அதே வயசு, அதே பரமத்தி வேலூர், அதே சோறு. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா?

அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு ஒரு வேடிக்கையும் காட்டினாள். பெராக்சைடு ஊற்றிய கிண்ணத்தில் குப்பாயியின் ரத்தம் ஒரே ஒரு சொட்டு. புஸ்ஸென்று நுரை பொங்கியது.

"நம்ம உடம்புல இந்த மாதிரி விஷம் ஊறிக்கிட்டே இருக்குதுக்கா. அதை நொடியில தண்ணியாவும் காத்தாவும் உடைச்சுப் போடுற நொதி ஒண்ணு ரத்தத்துல இருக்கு. புற்றுநோய் வந்தவங்களுக்கு அதோட வேகம் மாறுதான்னு பார்க்கிறேன்."

குப்பாயி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"இத்தன வருசமா உள்ளாரயே இருந்து, கூலி கேக்காம வேல பாக்குதுங்களா அம்மணி!"

நுரை அடங்கும்வரை கண் எடுக்காமல் பார்த்தாள். பிறகு கேட்டாள். "ஒரு குழாய் எடம் மாறி நின்னா என்னாகுமுங்க?"

"நான் எழுதுறது பொய்யாயிரும். அதை நம்பி நாளைக்கு வைத்தியம் தேடுறவங்களும் ஏமாந்துபோவாங்க."

அவ்வளவையும் கேட்டுக்கொண்டுதான் இப்போது இந்த வேலை!

"தெரிஞ்சேதானே பண்ணுனீங்க?" என்று கேட்டாள் சாரதாமணி.

"தெரிஞ்சுதானுங்க பண்ணுனேன். நீங்க வெச்ச எடந்தானுங்க தப்பு." குப்பாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "எனக்கும் மூணு மாசமாக் கட்டி இருக்குதுங்க அம்மணி."



 கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவள். முகம் தெரியாத யார் யாருக்கோ கிடைக்கப்போகும் வைத்தியம் தன்னால் பொய்த்துவிடக் கூடாது என்று துடித்திருக்கிறாளே! சாரதாமணிக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"காலையில ஏன்க்கா மறைச்சீங்க? எந்திரிங்க, இப்பவே டாக்டர்கிட்டப் போலாம்!"

"மெதுவாப் பேசுங்க அம்மணி." வார்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே கெஞ்சினாள் குப்பாயி. "மயிலாளுக்குக் கேட்டுருமுங்க. கேட்டுதுன்னா, அவ வைத்தியத்தப் பாதியில உட்டுப்போட்டு, எனக்குத் தொணைக்கு எந்திரிச்சு வந்துருவாளுங்க."