பத்தாவது நிமிடக் கரகரப்பு

“மாத்தவா, வேண்டாமா? ஒரு முடிவா சொல்லுங்க ஐயா,” என்றார் மெக்கானிக்.

அவர் கையில் புது சவுண்டு கார்டு. எதிரே வயிறு திறந்து நின்றது என் கம்ப்யூட்டர் பெட்டி.

பெட்டியைத் தரையில் வைப்பதில்லை, ஈரம் ஏறும். என் பழைய பயணப் பையின் மேல் உட்கார்த்தி வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக அந்தப் பைக்கும் வேறு வேலை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குக் கம்ப்யூட்டரில் மாப்பிள்ளையோடு பேசுவேன். மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். குரல் மட்டும்தான். அவர்கள் பக்கம் கேமரா கெட்டுப்போய் ஒரு வருடம் ஆகிறது. தங்கை அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போயிருப்பாள்.

மழை, மருந்து, மூட்டுவலி எல்லாம் பளிச்சென்று கேட்கும்.

“நீங்க ரெண்டு பேரும் எப்ப வர்றீங்க?” என்று கேட்டால் போதும். கரகரவென்று ஒரு சத்தம் கிளம்பும். பதில் அதில் முங்கிப்போகும்.

நானே கிளம்பிப் போகலாம்தான். ஆனால் மூன்று தடவை போயாயிற்று. இது அவர்கள் வரவேண்டிய முறை. முறையை விட்டுக்கொடுத்த அண்ணனைத் தங்கைகூட மதிக்கமாட்டாள்.

என் கேள்வி கார்டுக்கு எப்படித் தெரிகிறது? மெக்கானிக்கைப் போன மாதமே கேட்டிருந்தேன்.

“பழைய கார்டு. பத்து நிமிஷத்துல சூடேறிடும். நீங்க அந்தக் கேள்வியைப் பத்தாவது நிமிஷத்துல கேக்குறீங்க.”

நியாயமாகத்தான் பட்டது. போன வாரம் எடுத்த எடுப்பிலேயே கேட்டுப் பார்த்தேன். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே சூடேறிவிட்டது.

கார்டை மாற்றினால் பதில் கேட்கும். அங்கேதான் எனக்கு உதைக்கிறது.

கரகரப்பு இருக்கும்வரை அந்தப் பதில் ‘அடுத்த மாசம் வர்றோம்’ என்றும் இருக்கலாம். புதுக் கார்டில் ‘வர்றதா இல்லை’ என்று தெளிவாகக் கேட்டுத் தொலைத்தால் என்ன செய்வது?

“இதுல ஏழு பக்கமிருந்து சத்தம் வரும்,” என்றார் மெக்கானிக்.

“எனக்கு ரெண்டு காதுதான்.”

“அந்த ரெண்டுக்கும்தான் ஐயா.”

என் காதைப் பற்றிச் சொல்லவேண்டும். முப்பத்தோரு வருடம் பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் போடும் பிரிவில் இருந்த காது. உறை கசங்கும் சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பது கிரீமா, உப்பா, எத்தனை மிச்சம் என்று சொல்லிவிடுவேன். ஒருநாள் மேனேஜர் அறைக்குள் ஒரு பாக்கெட் கசங்கியது. வெளியே நின்றபடியே, “பதினொண்ணுதான் இருக்கு,” என்றேன். எண்ணினார்கள். பதினொன்றுதான். பன்னிரண்டாவது பிஸ்கட் மேனேஜர் வாயில் இருந்ததால் அவரால் மறுத்துப் பேசவும் முடியவில்லை.

மாப்பிள்ளையும் அதே கம்பெனிதான். ஆனால் அடுப்புப் பிரிவு. அங்கே மூக்குக்குத்தான் வேலை.

நான்கடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

“சரி, மாட்டுங்க,” என்றேன்.

புதுக் கார்டில் மாப்பிள்ளை என் மடியில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. அங்கே சுற்றும் மின்விசிறிகூடக் கேட்டது. மழை. மருந்து. மூட்டுவலி.

பிறகு கேட்டேன்.

கரகரகர.

மெக்கானிக்கின் முகம் தொங்கிவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

உப்பு பிஸ்கட். மூன்று மிச்சம். மைக்குக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு கையாலும் உறையைக் கசக்குகிறார்.

அதற்கும் அடியில், கடைக்குப் போயிருக்கும் தங்கையின் குரல்.

“என்னால எந்திரிச்சு நடக்க முடியலைன்னு அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. இன்னும் கொஞ்சம் நல்லாக் கசக்குங்க.”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். வாயில் விரலை வைத்துக் காட்டினேன்.

“ஒண்ணும் கேக்கலை மாப்பிள்ளை. ஒரே கரகரப்பு. கார்டை மாத்தினாத்தான் சரிவரும்போல.”

கசக்குவது நின்றது.

“ஆமா மச்சான். நானும் எத்தனை நாளாச் சொல்றேன்,” என்றார் மாப்பிள்ளை.

பேச்சை முடித்து எல்லாவற்றையும் அணைத்தேன். மெக்கானிக் திருப்புளியைக் கையில் எடுத்தார்.

“பழைய கார்டையே போட்டுடவா ஐயா?”

“கார்டு கிடக்கட்டும். பெட்டியைக் கொஞ்சம் தூக்குங்க. அடியில இருக்கற பை வேணும்.”