வஜ்ரபாகுவின் அம்மா

காமிக்ஸ் வீரன் வஜ்ரபாகுவின் மார்பில் பீரங்கிக் குண்டு பட்டால் குண்டுதான் நசுங்கும். ஆனால் ஓவியரின் மேஜையில் கிடக்கும் ரப்பர் பக்கத்தில் வந்தாலே அவனுக்குப் பயம்.

அன்று ரப்பர், வில்லனின் தொப்பியில் இருந்த கொடியை அழித்தது. முகத்தைத் தொடவில்லை.

"ஏன் அண்ணே?" என்று ரப்பரைக் கேட்டான் வஜ்ரபாகு.

"அந்த நாட்டோட நாம ராசியாயிட்டோம். இனிமே இவன் வேற நாட்டுக்காரன்."

"என் அம்மாவைக் கொன்னது அந்த நாட்டுக்காரன்னுதானே முதல் இதழ்ல போட்டீங்க?"

"அதையும் மாத்தியாச்சு. இந்தப் புது நாட்டுக்காரன்தான் கொன்னான்."

வில்லன்மேல் ஓங்கிய முஷ்டியோடு வஜ்ரபாகு ரப்பர் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, அந்தக் கொலையையே அழிச்சிடுங்களேன். அம்மா உயிரோட இருந்துட்டுப் போகட்டும்."

ரப்பர் அவன் முஷ்டியைப் பார்த்தது.

"அப்புறம் நீ எதுக்கு, தம்பி?"