உண்டியல் சாவி

"சாவி யார்கிட்ட கீதுன்னு கேக்குறேன். வாயத் தொறந்து சொல்லேன்."

ஜெயவேலு இரும்பு உண்டியலைத் தூக்கி நடுவீட்டில் வைத்தான். மனைவி கிளியம்மாள் தலையைக்கூடத் திருப்பவில்லை. கண்ணாடி முன் நின்று பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லக் கூடாது. அதான் ரூலு."

"எவன் போட்ட ரூலு?"

"வில்பிரட் சாரு."

அந்தப் பெயரைக் கேட்டாலே ஜெயவேலுவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கையில் காசு தங்காத குடும்பங்களைச் சேமிக்க வைப்பது எப்படி என்று ஆராய்ச்சி செய்ய, தாம்பரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்த ஆள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் கிளியம்மாள் வேலை செய்யும் பேக்கிங் கம்பெனியில், பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு உண்டியல் கொடுத்தார். உண்டியல் அவரவர் வீட்டில் இருக்கும். சாவியை மட்டும் வெளியே யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். ஒன்றும் இல்லாமலா ஒருத்தன் சும்மா கொடுப்பான் என்பது ஜெயவேலுவின் சந்தேகம்.

"நம்ம வூட்டுக் காசுக்கு எவனோ சாவி வெச்சிக்கினு கீறான். கேட்டா ரூலுன்ற."

"பூட்டு இல்லாம வெச்சா இன்னா ஆவும்னு போன வருஷமே பாத்துட்டேன்."

மகள் ஓவியாவின் நர்சிங் படிப்புக்காக அரிசி டிரம்மில் ஒளித்து வைத்திருந்த பணத்தை எடுத்து, கூட்டாளி கல்யாணத்துக்கு பேனரும் மொய்யுமாக ஜமாய்த்தவன் அவன்தான். பெண் இப்போது செல்போன் கடையில் நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்கிறாள். இந்த ஜூனிலும் பீஸ் கட்டாவிட்டால் அவள் படிப்பு அவ்வளவுதான்.

ஜெயவேலு வெல்டர். பூட்டை உடைப்பது அவனுக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் உண்டியல் மூடி முழுக்க ஓவியாவின் சிரித்த போட்டோவை ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரு தடவை சுத்தியலை ஓங்கிவிட்டு, பெற்ற பெண்ணின் முகத்தில் எப்படி அடிப்பது என்று கீழே போட்டுவிட்டான். போட்டோ ஒட்டியதும் அந்த வில்பிரட் சாரின் யோசனைதான் என்று தெரிந்தபோது இன்னும் எரிந்தது.

உண்டியலையாவது மறந்துவிடலாம். கிளியம்மாள் கொல்லைப்பக்கம் போய் போனில் கிசுகிசுப்பதை எப்படி மறப்பது? "சாவி பத்திரமா கீது, அவருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்" என்று நேற்று அவள் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டான்.

"எங்க கெளம்பிட்ட?"

"கடைக்கு."

"ஞாயித்துக்கெழமையானா பூ வெச்சிக்கினு எந்தக் கடைக்குப் போற?"

"வந்து சொல்றேன்" என்று அவள் படியிறங்கினாள்.

அவள் ஏறிய ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் வந்த ஆட்டோவில் ஜெயவேலு ஏறினான். இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டான். அவள் பொழிச்சலூரில் இறங்கி நடந்தாள். ஒரு தெருவுக்குள் அவள் திரும்பியதும் இவனுக்கு நடை தளர்ந்தது. அவள் உரிமையோடு ஒரு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனதும் நின்றேவிட்டான்.

அது அவன் கூடப் பிறந்த அண்ணன் சம்பந்தத்தின் வீடு. கிரகப்பிரவேசப் பத்திரிகையில் தம்பி பெயரைப் போடாமல் விட்டார் என்று பந்தலிலேயே சண்டை போட்டு, 'இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல' என்று ஊர் கேட்கக் கத்திவிட்டு வந்திருந்தான். அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை, பதிலுக்குத் தம்பி வீட்டு வாசப்படியை மிதிப்பதில்லை என்று அதே சத்தியத்தைச் செய்தார். அதோடு பேச்சுவார்த்தை அறுந்துபோனது.

அவள் வெளியே வரும்வரை கரண்ட் கம்பத்தடியில் நின்றான்.

"இங்க இன்னா வேல உனுக்கு?"

கிளியம்மாள் பதறவில்லை. "சாவி இங்கதான் கீது. ஞானாம்பா அக்காகிட்ட. வாரா வாரம் வந்து பாத்துட்டுப் போறேன்."

ஞானாம்பாள் அண்ணனின் மனைவி.

"ஊர் ஒலகத்துல வேற வூடே கெடைக்கலியா?"

"'உன் வூட்டுக்காரரு போய்க் கேக்கவே முடியாத எடமாப் பாத்துக் குடு'ன்னாரு வில்பிரட் சாரு. நீ செத்தாலும் மிதிக்காத வாசப்படி இது ஒண்ணுதான்யா. உன் கைய நம்ப முடியாது. உன் ரோஷத்த நம்பலாம்."

ஜெயவேலுவுக்கு வெட்கமாகிவிட்டது. இவளைப் போய் என்னென்னவோ நினைத்துவிட்டோமே என்று மனம் கூசியது. உள்ளேயிருந்து அண்ணனின் இருமல் கேட்டது. அண்ணனுக்கு வயதாகிவிட்டது. ஒரு பத்திரிகைக்காகவா இத்தனை வருஷம் பேசாமல் இருந்தோம்?

"போதும் கிளி. இத்தோட வுட்டுடலாம். நானே உள்ள போய் அண்ணன்கிட்ட பேசிடறேன்."

அவன் செருப்பைக் கழற்றினான். கிளியம்மாள் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அய்ய, காரியத்தயே கெடுத்துடாத. ஜூன் தாண்டட்டும், அப்பால ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சி அழுவுங்க" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "அக்காவும்தான் வில்பிரட் சாருகிட்ட உண்டியல் வாங்கி வெச்சிருக்குது. உங்கண்ணன் வூட்டுச் சாவி நம்ம வூட்லதான் கீது."