சுவரைப் பார்த்த நாற்காலி

வீடியோ கேமில் வரும் தீவு மக்களுக்குச் சாமியும் சடங்கும் எழுதுவது என் வேலை. அவர்கள் வீட்டில் ஒருவர் செத்தால், அவருடைய நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார்கள் என்று எழுதியிருந்தேன்.

“எந்த வீட்டுலம்மா இப்படிச் செய்வாங்க? தூக்கிடு” என்றார் மேனேஜர்.

“சாமியும் சாவும் இல்லாட்டி அதுங்க வெறும் பொம்மைங்க சார். நான் தூக்க மாட்டேன்.”

அவரே அழித்தார். எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவள் நான் ஒருத்திதான். அம்மாவுக்கு என் வேலை என்னவென்றே தெரியாது.

என் நாற்காலி சுவரைப் பார்த்துக் கிடந்தது.

“யாரும்மா இதைத் திருப்பினது?”

“நான்தான்.”

“எதுக்கு?”

“எதுக்குத் திருப்புவாங்க? லூசு மாதிரி கேக்காதடி.”

அம்மா சாப்பிட உட்கார்ந்தாள். மேசையில் ஒரு தட்டுதான் இருந்தது.