முத்திரை வைத்த காகிதம்

“உன் மிஷினைத் தூக்கிக் குப்பையில போடு!”

எடைமேடைக்காரர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ரேடியோ அடங்கிவிட்டது.

மனைவி அவர் விரலில் குத்திப் பார்த்த மீட்டர், சர்க்கரை இருநூற்று அறுபது என்றது. போன வாரம் லேபில் எடுத்த மூன்று மாத சராசரி டெஸ்ட்டோ, ஐந்து புள்ளி நான்கு. நோயே இல்லாதவனுக்கு வருகிற எண்.

“சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆச்சுங்க. இன்னும் இவ்வளவு காட்டுது. காலு வேற மரத்துப் போகுதுங்கறீங்க. எதுக்கும் டாக்டரை ஒரு தடவை...”

“லேப் பேப்பர்ல முத்திரை இருக்கு. உன் டப்பாவுல இருக்கா?”

முப்பது வருஷமாக லாரிகளை எடை போடுகிற மனுஷர். முதலில் வெறும் வண்டி, அப்புறம் சரக்கோடு. இதிலிருந்து அதைக் கழித்து, சீட்டில் முத்திரை குத்திவிட்டால் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. தன் கல்யாணப் பத்திரிகையிலேயே முத்திரையைத் தேடியவர் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள்.

“ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடலாங்க.”

“உங்க வீட்டு ரத்தத்துல இருக்கிற கோளாறு, உன் கை பட்டு மிஷினுக்கும் வந்துடுச்சு போல.”

பஞ்சை எடுத்து அவர் விரலைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எதைச் சொன்னால் அவள் வாய் அடைத்துப் போகும் என்று அவருக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். உடம்பில் ரத்தம் ஊறாத நோய். மாதாமாதம் ரத்தம் ஏற்றி ஏற்றி, ஏழு வயதில் போய்ச் சேர்ந்தாள். ‘அம்மா வழியில் வந்த நோய்’ என்று சொந்தபந்தம் மொத்தமும் பேசியது. இருபத்தாறு வருஷமாக அவரும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

நாலாம் நாள், மேடை ஏறிய லாரியின் எடை அவர் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தது. சீட்டு எழுத உட்கார்ந்தவர் அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை நானூற்றைத் தாண்டியிருந்தது.

மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். ஏதேதோ டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே சேர்ந்த ஐந்தாம் நாள் காலை டாக்டரம்மா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சின்ன வயசு. மகள் இருந்திருந்தால் இவ்வளவுதான் இருப்பாள்.

“அந்த லேப் மேல தப்பு இல்லைங்க. உங்க ரத்தம்தான் அதை ஏமாத்தியிருக்கு.”

“ரத்தமா?”

“சிவப்பணுவுல எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்குன்னு பார்க்கிறதுதான் அந்த டெஸ்ட். உங்க சிவப்பணுவுல பிறவியிலேயே ஒரு குறை இருக்கு. பாதிக் குறைதான், உங்களை ஒண்ணும் பண்ணாது. ஆனா நாலு மாசம் இருக்க வேண்டிய அணு சீக்கிரமே அழிஞ்சுடுது. சர்க்கரை ஒட்ட நேரமே இல்லை. அதனால கம்மியா காட்டியிருக்கு.”

“வெறும் வண்டி எடையே தப்பா இருந்திருக்கு” என்று முனகினார் அவர்.

“இனிமே உங்களுக்கு விரல்ல குத்திப் பார்க்கிறதுதான் கணக்கு. உங்க வீட்டம்மா விடாம எழுதி வச்ச நோட்டைப் பார்த்துத்தான் எனக்கே சந்தேகம் வந்துச்சு. குழந்தைங்க இருக்காங்களா? அவங்களையும் பார்க்கணும்.”

“ஒரு பொண்ணு. ரத்தம் ஊறாத நோய், தவறிட்டா. அது அவ அம்மா வழியில வந்தது.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் வராதுங்கய்யா. அம்மாகிட்ட பாதி, அப்பாகிட்ட பாதி. ரெண்டும் சேர்ந்தாத்தான் அந்த நோய்.”

அவர் எப்படி வார்டுக்குத் திரும்பி வந்தார் என்று அவருக்கே தெரியாது.

மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

ரிப்போர்ட்டை நீட்டினார்.

“என் ரத்தத்துலயும்தான்... நம்ம பொண்ணுக்கு... நானும்தான்...”

அத்தனை பேர் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார்.

அவள் காகிதத்தை வாங்கினாள். அதைப் பார்க்கவில்லை.

“தெரியுங்க.”

“என்னது?”

“குழந்தைக்கு இன்ன நோய்னு கண்டுபிடிச்சப்ப நம்ம ரெண்டு பேர்கிட்டயும் ரத்தம் எடுத்தாங்களே. நீங்க கொடுத்துட்டு வேலைக்குப் போயிட்டீங்க. மறுநாள் நான்தான் போய் ரிசல்ட்டை வாங்கினேன்.”

“அப்பவே தெரியுமா? ஏன் சொல்லல?”

“வீட்டுக்கு வந்து பார்த்தா, நீங்க அவளை மடியில போட்டுக்கிட்டு, ‘அப்பா இருக்கிற வரைக்கும் உனக்கு ஒண்ணும் வராதுடா கண்ணு’ன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. எப்படிங்க சொல்றது? அந்தப் பழி என்னோடயே போகட்டும்னு விட்டுட்டேன்.”

இருபத்தாறு வருஷம் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக அவர் நினைவுக்கு வந்தது.

“அந்தப் பேப்பர் இருக்கா?”

“வர்ற வழியிலேயே பாத்தேன், அதுல முத்திரை இருந்துச்சு. உங்க கண்ணுல பட்டா நம்பிடுவீங்களேன்னு, அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டேன்.”