பாப்பாவுக்கு ஒரு பெயர்

“தென்றல்னு வைக்கலாமே? இதமான காத்து. பாப்பாவுக்குப் பொருத்தமா இருக்கும்” என்றாள் பிறப்புப் பதிவு அலுவலகத்தின் பெண் எழுத்தர்.

“தென்றலா?” கவுண்ட்டருக்கு வெளியே நின்ற பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். “அவளுக்குக் கோவம் வந்தா வீடே ரெண்டாயிடும்மா. புயல்னு எழுதுங்க, சரியா இருக்கும்.” பக்கத்தில் நின்ற மனைவி முழங்கையால் அவரை ஓர் இடி இடித்தாள்.

பேத்தி மேல் கொள்ளைப் பிரியம் போலிருக்கிறது என்று எழுத்தர் நினைத்துக்கொண்டாள். ஆனால் மணி ஐந்தாகப் பத்து நிமிடம்தான் இருந்தது. பெயர் இல்லாமல் கிடக்கும் பதிவுகளில் பெயர் சேர்க்க இன்றே கடைசி நாள். கம்ப்யூட்டரோ முதல் கட்டத்தில் பெயரைப் போடாமல் அடுத்ததுக்கு நகர மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தது.

“அருவி?”

“வாயைத் திறந்தா நிக்காது, அதுவரைக்கும் சரி. ஆனா பச்சைத்தண்ணின்னா அலறுவா. வெந்நீர்தான் ஊத்தணும்.”

“எந்தப் பாப்பாதான் பச்சைத்தண்ணியில குளிக்கும்? நடக்குறாளா?”

“எதையாவது புடிச்சுக்கிட்டு நடப்பா. நாலு எட்டு வெச்சதும் ‘தூக்கி விடு’ன்னு உக்காந்துடுவா.”

எழுத்தருக்குச் சுருக்கென்றது. “நடக்குற வரைக்குமா பேர் வைக்காம விட்டீங்க?”

அதுவரை வாய் திறக்காத அந்த அம்மா மெல்லப் பேசினாள். “நாலு பொண்ணுக்கு அப்புறம் அஞ்சாவதும் பொண்ணு. யாரும் மெனக்கெடலைம்மா. பாப்பா, பாப்பான்னு கூப்பிட்டே காலத்தை ஓட்டிட்டாங்க.” சொல்லும்போதே குரல் உடைந்தது.

பெரியவரின் கிண்டல் சட்டென்று நின்றுபோனது. “அவளுக்குன்னு ஒருத்தர் யோசிச்சு வெச்ச பேரா இருக்கணும்மா. அது ஒண்ணுதான் அவளுக்குக் குறை.”

எழுத்தரின் கை தானாகத் தன் வயிற்றுக்குப் போனது. ஐந்தாம் மாதம். மேசை இழுப்பறையில் அவள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள், எல்லாம் பூவும் மழையும் மரமுமாக. அதில் ஒன்றை மட்டும் வட்டம் போட்டு, பெண் பிறந்தால் இதுதான் என்று கணவனிடம்கூடச் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். கொடுக்க மனசே வரவில்லை. ஆனாலும் கொடுத்தாள்.

“ஆம்பல். அல்லிப்பூவோட பழைய பேரு. தாமரையெல்லாம் காலையில அவசர அவசரமா பூத்துடும். இது பொழுது சாஞ்சப்புறம் நிதானமா பூக்கும்.”

அந்த அம்மா அதை இரண்டு தடவை தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். பெரியவர் தலையைப் பலமாக ஆட்டினார்.

எழுத்தர் தட்டினாள். கம்ப்யூட்டர் சமர்த்தாக அடுத்த கட்டத்துக்குப் போனது: பிறந்த தேதி.

“சொல்லுங்கம்மா. பாப்பாவுக்கு இப்ப எத்தனை மாசம்?”

அந்த அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெட்கத்தோடு சிரித்தாள்.

“எனக்கு அறுபது முடியுதும்மா.”